வீட்டில் அடைக்கும் தோட்டா: குரூப் ஏன் ஒரு நாள் சுருங்கி, மறுநாள் விரிகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, பற்றவைக்கும் ப்ரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்தது. குரூப் என்றால் ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகளின் துளைக் கூட்டம். டெக்ஸாஸில் வசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ".308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகத் தோட்டாவை நானே அடைக்கிறேன். 100 கஜத்தில் ஐந்து சுட்டால் ஒரு நாள் முக்கால் அங்குலத்துக்குள் விழுகிறது. அதே மருந்து, அதே குண்டு, அடுத்த வாரம் ஒன்றரை அங்குலம். மருந்து, ப்ரைமர், குண்டு இறக்கும் ஆழம் என எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். எதைச் சரிசெய்தால் இது நிலைக்கும் அண்ணா? அடுத்த ஆண்டு 1000 கஜ எஃப்-கிளாஸ் (ஸ்கோப் வைத்துத் தொலைதூரம் சுடும்) போட்டிக்குப் போக ஆசை."

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா அடைப்பது சட்டம் அனுமதிக்கும் பழைய பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இந்தப் பதில் டெக்ஸாஸ் நண்பருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் தோட்டாவில் எதுவும் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். முக்கால் விழுந்த வாரமும் ஒன்றரை விழுந்த வாரமும் உங்கள் ரைஃபிள் ஒரே மாதிரிதான் சுட்டிருக்கிறது. ஐந்து குண்டு அவ்வளவு சின்ன எண்ணிக்கை. தாயக்கட்டையை நாலு முறை உருட்டித் தாயம் விழவில்லை என்பதற்காகக் கட்டையை யாரும் செதுக்குவதில்லை. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் தோட்டா விஷயத்தில் அதைத்தான் செய்கிறோம்: ஐந்து சுடுகிறோம், பிடிக்கவில்லை, மருந்தை மாற்றுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். குண்டுகள் நடுப்புள்ளியைச் சுற்றி இயல்பாகச் சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், குரூப்பில் மிக விலகிய இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட தூரம், அதாவது நாம் வழக்கமாக அளக்கும் அளவு, எத்தனை குண்டு சுட்டோம் என்பதைப் பொறுத்தே மாறும். ஒரு திசையில் சிதறலின் திட்டவிலக்கத்தை ஒன்று என்று கொண்டால், மூன்று குண்டு குரூப்பின் சராசரி அளவு 2.4. ஐந்துக்கு 3.07, பத்துக்கு 3.8, இருபதுக்கு ஏறத்தாழ 4.5. உங்கள் ரைஃபிள் சராசரியாக 1.1 அங்குல ஐந்து குண்டு குரூப் போடுகிறது என்றால், அதே ரைஃபிள் மூன்று சுட்டால் சராசரி 0.86, பத்து சுட்டால் 1.36, இருபது சுட்டால் 1.6. எதுவும் மாறவில்லை, எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. நண்பர்கள் காட்டும் அரை அங்குலக் குரூப் படங்களில் ஏன் எப்போதும் மூன்றே துளைகள் இருக்கின்றன என்பதும் இதிலிருந்து புரியும்.

சராசரியைச் சுற்றிய ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து குண்டு குரூப் ஒன்று தன் சராசரியிலிருந்து கால் பங்குக்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் அன்றாட நிகழ்ச்சி. 1.1 அங்குலச் சராசரியுள்ள ரைஃபிள் ஒரு நாள் 0.75, ஒரு நாள் 1.5 போடுவதில் வியப்பே இல்லை. உங்கள் இரண்டு வாரக் கதையும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது.

இதைவிட மோசமான வலை ஒன்று உண்டு. மருந்து அளவைப் படிப்படியாகக் கூட்டிப் பத்து வகை அடைத்து, வகைக்கு மூன்று குண்டு சுட்டு, அதில் சிறிய குரூப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். பத்து வகையும் உண்மையில் சமமாகவே இருந்தாலும், அந்தப் பத்தில் ஏதோ ஒன்று ஏறத்தாழ 0.4 அங்குலத்தில் வந்தே தீரும். அதைப் பார்த்ததும் 'இதுதான் இந்த பேரலுக்குப் பிடித்த அளவு' என்று முடிவுகட்டிவிடுவோம். அடுத்த வாரம் அதே அளவை அடைத்து ஐந்து சுட்டால் பழைய 1.1க்குத் திரும்பும். பிறகு 'மழை ஈரம்', 'மருந்து கெட்டுப்போச்சு' என்று காரணம் தேடுவோம்.

பேரல் அதிர்வது உண்மைதான். சுடும்போது குழல் நெளிவதையும் அது குண்டின் போக்கைத் திருப்புவதையும் நூறாண்டுக்கு முன்பே சோதித்தவர்கள் இருக்கிறார்கள். கிரைட்டன் ஆடெட் பரப்பிய ஏணிச் சோதனை இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே தொலைவில் ஒரே இலக்கில் சுட்டு, எந்த இடத்தில் குண்டுகள் உயரத்தில் ஒன்றாகக் கூடுகின்றன என்று பார்ப்பது. அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. படிக்கு ஒரே ஒரு குண்டு சுட்டு அதில் 'நோட்' (அதிர்வு குண்டைச் சிதறடிக்காத மருந்து அளவு) கண்டுபிடித்தேன் என்பதைத்தான் ஏற்க மாட்டேன். குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) படிக்கு ஒரு தோட்டா சுட்டு வேகம் ஏறாமல் நிற்கும் 'சமதளம்' தேடுவதும் இதே ரகம். திரும்பச் சுட்டால் சமதளம் வேறிடத்துக்குப் போய்விடும். தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்துப் பொறியாளர்கள் 2022இல் தங்கள் ஒலிபரப்பில், நாம் சுடும் குரூப்கள் மிகச் சிறியவை, அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்று வெளிப்படையாகப் பேசியபோது பலருக்குக் கோபம் வந்தது. அவர்கள் சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது சுடும் முறை. ஒரே வகையில் இருபது தோட்டா அடையுங்கள். நான்கு இலக்குகளில் ஐந்தைந்தாகச் சுட்டு, குறிவைத்த புள்ளியைப் பொதுவாக வைத்து இருபது துளைகளையும் ஒரே தாளில் சேர்த்துக் குறியுங்கள். பேரல் சூடாகிப் புகையும்படி ஒரே மூச்சில் சுட வேண்டியதில்லை. பிறகு நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் அளந்து சராசரி எடுங்கள். இந்தச் சராசரி ஆரம் எல்லாக் குண்டுகளையும் கணக்கில் எடுக்கிறது. குரூப் அளவோ இரண்டே துளைகளைப் பார்த்துவிட்டு மற்றவற்றை வீணாக்குகிறது. படம் எடுத்துக் கொடுத்தால் கணக்கிட்டுத் தரும் செயலிகள் இப்போது பல இருக்கின்றன. இரண்டு வகைகளை ஒப்பிடும்போது, வகைக்கு இருபது சுட்டும் ஒன்று மற்றதைவிட மூன்றில் ஒரு பங்காவது சிறியதாக இல்லையென்றால் 'இரண்டும் ஒன்றே' என்று எழுதிவிட்டு நகருங்கள். விலை குறைவானதை, கடையில் எளிதில் கிடைப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதே சோதனையை முதலில் போட்டிக்கென்றே கம்பெனி அடைத்து விற்கும் நல்ல மேட்ச் தோட்டா ஒரு பெட்டியை வைத்துச் செய்யுங்கள். அது தரும் சராசரி ஆரமும் உங்கள் தோட்டா தருவதும் ஒன்றென்றால், இனி மருந்து டப்பாவைத் தொட வேண்டாம். குறை ரைஃபிளிலோ சுடுகிறவரிடமோ இருக்கிறது. ஸ்கோப் வளையங்கள், பேஸ் திருகுகள், ஆக்‌ஷனை மரத்தோடு பிணைக்கும் திருகுகள் எல்லாம் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கி இறுக்கும் அளவில்) இருக்கின்றனவா என்று பாருங்கள். குழல் முனையில் கீறல் இருக்கிறதா, உள்ளே கார்பன் படிந்திருக்கிறதா பாருங்கள். ஸ்கோப்பில் பாரலாக்ஸ் சரியாக வைக்காமல் ஒவ்வொரு முறையும் கன்னத்தை வேறு இடத்தில் வைத்தால், குறுக்குக் கோடு இலக்கின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். எந்த மருந்தும் அதைத் திருத்தாது. காற்றையும் மறக்காதீர்கள். .308இல் 175 கிரெய்ன் (எடை அளவு) குண்டை 100 கஜத்தில் மணிக்கு 10 மைல் பக்கக் காற்று முக்கால் அங்குலத்துக்கு மேல் தள்ளும். மரக்கிளை லேசாக ஆடும் அளவுக் காற்று எழுந்து அடங்கினாலே குரூப் கால் அங்குலம் விரிந்துவிடும்.

1980களில் ஹியூஸ்டனில் சில பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) சுடுநர்கள் ஒரு பெரிய கிடங்குக்குள், இரவில், காற்றே இல்லாத இடத்தில் சுட்டுப் பார்த்ததைப் பற்றி இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் பேசுகிறார்கள். காற்றை நீக்கிய பிறகுதான் எது உண்மையில் குரூப்பைச் சுருக்குகிறது என்று பார்க்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு அந்தக் கிடங்கு கிடைக்காது. விடியற்காலையில் ரேஞ்ச் திறந்ததும் போய் நிற்கலாம், காற்று எழும் முன் சுட்டு முடிக்கலாம்.

சரி, தோட்டாவிலேயே எதைப் பார்ப்பது? இங்கே 100 கஜத்தையும் 1000 கஜத்தையும் பிரித்துப் பேச வேண்டும். பலர் குழம்புவது இங்கேதான்.

வினாடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்பும் குண்டு 100 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.12 வினாடி எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதை 2.7 அங்குலம் இறக்கும். இரண்டு தோட்டாக்களின் வேகம் வினாடிக்கு 20 அடி வித்தியாசப்பட்டால், இந்த இறக்கத்தில் வரும் வித்தியாசம் 0.04 அங்குலம். குண்டின் விட்டத்தில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே 100 கஜக் குரூப்பைப் பார்த்து 'என் மருந்து அளவு துல்லியமாக இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ சொல்லவே முடியாது. உலகின் மிகச் சிறிய குரூப்களைப் போடும் குறுந்தூர பெஞ்ச்ரெஸ்ட் சுடுநர்கள் பலர், 1970களின் நடுவில் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் உருவாக்கிய 6 பிபிசி தோட்டாவை வைத்துக்கொண்டு, மருந்தைத் தராசில் நிறுக்காமல் அளவுக் குப்பியைத் திருகி ரேஞ்சிலேயே கொட்டுகிறார்கள். அவர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது நல்ல பேரல், கையால் தேர்ந்த குண்டு, நேரான கூடு, கொடியைப் பார்த்துக் காற்றைப் படிப்பது ஆகியவற்றைத்தான்.

1000 கஜத்தில் கதை தலைகீழ். அங்கே அதே 20 அடி வித்தியாசம் குண்டை உயரத்தில் ஆறேழு அங்குலம் நகர்த்தும். அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கில் பத்துப் புள்ளி வளையம் 1000 கஜத்தில் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். எனவே நீங்கள் கேட்ட போட்டிக்கு வேகத்தின் ஒழுங்கு முக்கியம். எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். ஏனென்றால் இங்கேதான் பணம் வீணாகிறது.

1.1 அங்குலச் சராசரியுள்ள உங்கள் ரைஃபிளின் சிதறல், ஒரு திசையில் திட்டவிலக்கமாகச் சொன்னால், 100 கஜத்தில் 0.36 அங்குலம். 1000 கஜத்தில் அது 3.6 அங்குலம். வேகத்தின் திட்டவிலக்கம் வினாடிக்கு 10 அடி என்றால் அது உயரத்தில் ஏறத்தாழ 3.3 அங்குலம் சேர்க்கும். இரண்டும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடுகின்றன. மொத்தம் 4.9 அங்குலம். பெருமுயற்சி செய்து வேக விலக்கத்தை 5 அடியாகக் குறைத்தால் மொத்தம் 4.0 ஆகும். பலன் உண்டு, ஆனால் பாதியாகிவிடாது. சிதறலைக் குறைக்காமல் வேகத்தை மட்டும் துரத்துவதில் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை.

அடுத்து தராசு. .308இல் 0.1 கிரெய்ன் மருந்து கூடினால் வேகம் ஏறத்தாழ 5 அடி கூடும். சாதாரணத் தராசு 0.1 கிரெய்ன் முன்பின் தவறினால், அதனால் வேகத்தில் வரும் திட்டவிலக்கம் 3 அடி அளவுதான். இப்போது உங்கள் மொத்த விலக்கம் 10 அடி என்றால், ஆய்வகத் தராசு வாங்கி அந்தத் தவற்றை முற்றிலும் ஒழித்தாலும் 10 அடி 9.5 ஆகும். அந்த 9.5 அடி வேறெங்கோ இருந்து வருகிறது. அதைக் குறைத்து 5 அடிக்குக் கொண்டுவந்த பிறகு அதே தராசு 5ஐ 4 ஆக்கும். அப்போது வாங்குங்கள், கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

அந்த 'வேறெங்கோ' பெரும்பாலும் பித்தளைக் கூட்டில்தான் இருக்கிறது. நான் அதிக நேரம் செலவிடச் சொல்வதும் அங்கேதான். கூடுகள் ஒரே கம்பெனி, ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி), ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்டவையாக இருக்கட்டும். ரேஞ்ச் தரையிலிருந்து பொறுக்கிய கலப்புக் கூடுகளின் உட்கொள்ளளவு ஒன்றுக்கொன்று வேறுபடும். அதே மருந்து சிறிய இடத்தில் அதிக அழுத்தம் தரும். சுட்டு விரிந்த கூட்டை ரீசைஸ் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, டையை (கூட்டை அழுத்தும் அச்சு) தட்டில் முட்டும்வரை திருகி இறக்காதீர்கள். உங்கள் சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறை) சுட்ட கூட்டின் தோளை கம்பேரட்டர் (காலிப்பரில் மாட்டும் அளவுத் துணைக்கருவி) வைத்து அளந்து, அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளும்படி டையை நிறுத்துங்கள். தோளை ஒவ்வொரு முறையும் அளவுக்கு மீறித் தள்ளினால், கூடு சேம்பரில் நீண்டு நீண்டு அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உட்புறம் மெலியும். ஒரு நாள் அங்கேயே அறுந்து சூடான வாயு பின்னால் பாயும். பேப்பர் கிளிப் கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.

கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடி அடுத்தது. பித்தளை ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் இறுகிக் கெட்டியாகிறது. மூன்று முறை சுட்ட கூடும் எட்டு முறை சுட்டதும் குண்டை ஒரே மாதிரி விடுவிக்காது. வேகம் சிதறுவதற்கு இது பெரிய காரணம். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதமாக்கும் அனீலிங்கை ஒழுங்காகச் செய்தால் எல்லாக் கூடும் ஒரே நிலைக்கு வரும். அடிப்பாகம் ஒருபோதும் சூடாகக் கூடாது. அது மென்மையானால் அழுத்தத்தைத் தாங்காது. சாதாரண டையின் நடுவே இருக்கும் விரிப்புக் குமிழ் கழுத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு வெளியேறும்போது கழுத்தையே கோணலாக இழுக்கிறது. உட்புறம் கொஞ்சம் லூப் (வழுவழுப்பு எண்ணெய்) தடவுங்கள். அல்லது குமிழைக் கழற்றிவிட்டு, மேண்ட்ரல் (உருளைக் கம்பி) ஒன்றைக் கொண்டு தனியாக விரியுங்கள். கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட 0.002 அங்குலம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் போதும். ப்ரைமரைக் குழியின் அடி தட்டும்வரை ஒரே அழுத்தத்தில் உட்கார வையுங்கள். விரல் நுனியால் தடவினால் கூட்டின் அடிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், மேலே துருத்தக் கூடாது.

குண்டைப் பற்றி ஒரே வார்த்தையில் சொன்னால்: நல்லதை வாங்குங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட 100 கஜச் சிதறலைக் குறைப்பது நல்ல குண்டும் நல்ல பேரலும்தான். மிசௌரியின் செடேலியாவில் சியரா, அரிசோனாவின் மேசாவில் பெர்கர், ஃபின்லாந்தில் லாபுவா ஆகியவை போட்டிக் குண்டுகளுக்குப் பெயர் பெற்றவை. ஆனால் சியராவின் புகழ்பெற்ற 168 கிரெய்ன் மேட்ச்கிங்கை 1000 கஜத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அதன் வால் சரிவு செங்குத்தானது. ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் இறங்கும்போது அது தள்ளாடும். 600 கஜம்வரை அருமையான குண்டு. அதற்கு மேல் 175 அல்லது அதைவிடக் கனமானதுக்குப் போங்கள். உங்கள் பேரலின் திருகு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றா, 12க்கு ஒன்றா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நீண்ட குண்டுக்கு வேகமான திருகு வேண்டும்.

குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பது நீங்கள் மாற்றிப் பார்த்ததாகச் சொன்னவற்றில் உண்மையாகவே பலன் தரக்கூடிய ஒன்று. தோட்டாவின் முழு நீளத்தை அளக்காதீர்கள். முனைகள் குண்டுக்குக் குண்டு மாறும். கம்பேரட்டரை காலிப்பரில் மாட்டி, குண்டின் வளைவு முழு விட்டத்தைத் தொடும் இடம்வரை அளக்க வேண்டும். அந்த இடம் ரைஃபிளிங்கை (குழலின் உட்புறத் திருகு வரிகள்) தொடும் நீளம் எது என்று முதலில் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்வாங்கிக் கணக்கு வையுங்கள். மென்மையான வளைவுள்ள குண்டுகள் ரைஃபிளிங்கை எட்ட எவ்வளவு தாவினாலும் கவலைப்படுவதில்லை. மெலிந்து நீண்ட விஎல்டி வகைக் குண்டுகள் முரண்டு பிடிக்கும். அவற்றுக்காக பெர்கர் நிறுவனம் சொன்ன சோதனை எனக்குப் பிடிக்கும்: ரைஃபிளிங்கிலிருந்து 0.010, 0.050, 0.090, 0.130 அங்குலம் என்று அகலமான இடைவெளிகளில் நான்கு ஆழங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு குண்டு. 0.003 அங்குலப் படிகளில் மூன்று மூன்றாகச் சுடுவதைவிட இது நேர்மையானது. பெரிய வித்தியாசம் இருந்தால் நான்கில் ஒன்று பளிச்சென்று தெரியும். தெரியவில்லையென்றால் ஆழத்தை மறந்துவிடலாம். தேர்ந்த ஆழத்தை இருபது குண்டில் உறுதி செய்யாமல் நம்ப வேண்டாம். மேகசினில் அடங்குமா என்பதையும் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குண்டு ரைஃபிளிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் ஏறும். அதிகபட்சத்துக்குப் பக்கத்தில் மருந்து வைத்துக்கொண்டு ஆழத்தைக் குறைப்பது ஆபத்து. குண்டு, கூடு, ப்ரைமர், மருந்தின் லாட் என எது மாறினாலும், மருந்துக் கம்பெனியின் கையேட்டில் உள்ள தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். .308க்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதைத் தாண்டிவிட்டோமா என்று காட்டும் கருவி நம் வீட்டில் இல்லை. தட்டையான ப்ரைமர், கனக்கும் போல்ட், கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முள்) பதிந்த பளபளப்பு எல்லாம் எல்லை தாண்டிய பிறகு வரும் அடையாளங்கள். சில நேரம் அவையும் வராது. குரோனோகிராஃபில் கையேடு சொன்ன வேகத்தைவிட அதிகம் வந்தால் அது இனாம் இல்லை, அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். மருந்து போட்ட கூடுகளைக் குண்டு இறக்கும் முன் வெளிச்சத்தில் வரிசையாக வைத்து உள்ளே எட்டிப் பாருங்கள். இரண்டு முறை கொட்டியதும் கொட்டாமல் விட்டதும் அங்கே தெரிந்துவிடும். இணையத்தில் யாரோ எழுதிய அளவை நம்பி அடைக்க வேண்டாம். இந்தப் பதிலில் ஒரு மருந்து அளவு கூட நான் எழுதாததற்குக் காரணம் அதுவே. சுட்டு முடித்ததும், கூடு கழுவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ப்ரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் அலட்சியம் கூடாது.

வேகத்தை அளக்கும் விதத்திலும் எண்ணிக்கை விதி அப்படியே பொருந்தும். ஐந்து தோட்டாவில் திட்டவிலக்கம் 10 அடி என்று வந்தால், உண்மையான மதிப்பு 6ஆகவும் இருக்கலாம், 29ஆகவும் இருக்கலாம். இருபதில் 10 வந்தால் அது 8க்கும் 15க்கும் நடுவில். 'என் விலக்கம் 4' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எத்தனை தோட்டா என்று கேளுங்கள். குழலில் கட்டும் வகைக் கருவியை வைத்துக்கொண்டு குரூப்பையும் சேர்த்து அளக்காதீர்கள். அந்த எடை குழலின் அதிர்வை மாற்றிக் குண்டு விழும் இடத்தையும் மாற்றும். இப்போது வரும் ராடார் வகையில் அந்தத் தொல்லை இல்லை.

எஃப்-கிளாஸ் பற்றிக் கேட்டீர்கள். கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் பெயரின் முதலெழுத்தால் வழங்கும் இந்தப் போட்டியில், உங்கள் ரைஃபிளுக்கு எஃப்-டிஆர் பிரிவு பொருந்தும். .223 அல்லது .308 மட்டும், பைபாட் (இருகால் தாங்கி), ஸ்கோப் உட்பட 8.25 கிலோவுக்குள். அங்கே போனதும் உங்களை உலுக்கப்போவது காற்று. 1000 கஜத்தில் உங்கள் 175 கிரெய்ன் குண்டை மணிக்கு ஒரு மைல் பக்கக் காற்றே ஏறத்தாழ 10 அங்குலம் நகர்த்தும். பத்துப் புள்ளி வளையத்தின் முழு அகலம் அது. மேலே 4.9ஐ 4.0 ஆக்கினோமே, ஒரு மைல் காற்றைத் தவறாகப் படித்தால் அந்த உழைப்பு முழுதும் அடித்துக்கொண்டு போய்விடும். இன்று உங்களிடம் இருக்கும் 1.1 அங்குல ரைஃபிளும் 10 அடி விலக்கமுள்ள தோட்டாவும் முதல் போட்டிக்குத் தாராளமாகப் போதும். அடுத்த ஆண்டுவரை காத்திருக்காமல் பக்கத்து ரேஞ்சில் நடக்கும் 600 கஜப் போட்டிக்கு இப்போதே பெயர் கொடுங்கள். மற்றவர்களுக்கு இலக்குக் குறிக்கும் முறை வரும்போது இலக்குக்குக் கீழே உள்ள குழியில் நின்று பாருங்கள். யாருடைய குண்டுகள் உயரத்தில் சிதறுகின்றன, யாருடையவை பக்கவாட்டில் சிதறுகின்றன என்று கண்ணாலேயே தெரியும். உயரத்தில் சிதறினால் தோட்டாவைப் பாருங்கள். பக்கவாட்டில் சிதறினால் காற்று.

டெக்ஸாஸில் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. ஜனவரிக் காலையில் சரிபார்த்த தோட்டாவை ஆகஸ்ட் மதியத்தில் சுட்டால் வேகம் ஏறும். மருந்துக்கு மருந்து அந்த ஏற்றம் மாறும். ஹாட்ஜ்டன் விற்கும் வார்கெட், எச்4350 போன்றவை ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் வெப்பத்துக்கு அதிகம் அசையாதபடி தயாராகின்றன. உங்கள் ஊருக்கு அந்த ரகம் நல்லது. தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து சுட்டுச் சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்றுக் குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளிருக்கும் மருந்து வெந்து அந்த ஒரு குண்டு மட்டும் மேலே போகும். காற்றைப் பார்த்து முடிவெடுத்த பிறகு தோட்டாவை உள்ளே தள்ளுங்கள்.

இனி ஒரு வகையைத் தேர்ந்துவிட்டால், ஒரு பவுண்டு டப்பாக்களாக வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரே லாட்டில் 8 பவுண்டு டப்பாவாக வாங்குங்கள். குண்டையும் ப்ரைமரையும் அப்படியே, லாட் எண் பார்த்து, ஒரு பருவத்துக்குத் தேவையானதை ஒன்றாக எடுத்துவிடுங்கள். அந்த 8 பவுண்டு தீரும்வரை எதையும் மாற்றாதீர்கள்.